தொழில்நுட்பமும் உலக உறவும்: இளையோருக்கு இன்னொரு வாசல்



2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையை நம் கடற்கரை மக்கள் மறக்க மாட்டார்கள். இந்திய நேரப்படி காலை 6.29 மணியளவில் சுமத்ரா தீவுக்கு அருகே கடலடியில் பூமி நடுங்கியது. ஆழிப்பேரலை நம் கரையைத் தொட்டது ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்துத்தான். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர்.

அந்த இரண்டு மணி நேரத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே நடந்து போக இருபது நிமிடம் போதும். அப்படியானால், நிலநடுக்கம் வந்தது யாருக்குமே தெரியாமல் போயிற்றா? இல்லை. ஹவாய்த் தீவில் இருக்கும் பசிபிக் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் பதினைந்து நிமிடங்களுக்குள் அதைக் கண்டறிந்து அறிவிப்பு வெளியிட்டது. ஆனால் அது பசிபிக் பெருங்கடல் நாடுகளுக்காக ஏற்படுத்தப்பட்ட மையம். இந்தியப் பெருங்கடலுக்கு அப்படி ஓர் அமைப்பு அன்று இல்லை. ஆழ்கடலில் அலையை அளந்து சொல்லும் கருவிகளும் இல்லை. செய்தி வந்தால் எந்த நாட்டில் யாரை அழைப்பது, அவர் யாருக்குச் சொல்வது என்ற ஏற்பாடும் இல்லை. கருவி இல்லாத குறை பாதி. நாடுகளுக்கிடையே உடன்பாடு இல்லாத குறை மீதி.

அடுத்த ஆண்டே, 2005இல், யுனெஸ்கோவின் கீழ் இந்தியப் பெருங்கடல் நாடுகள் ஒன்றுகூடி எச்சரிக்கை அமைப்பை உருவாக்கத் தொடங்கின. 2007இல் ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. 2011 முதல் இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளும் இந்தப் பெருங்கடலின் மற்ற நாடுகளுக்கும் எச்சரிக்கை வழங்கி வருகின்றன. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் மீண்டும் பெரிய நிலநடுக்கம் வந்தபோது, சில நிமிடங்களில் செய்தி நாடுகளைச் சென்றடைந்தது. அன்று பேரலை வரவில்லை. ஆனால் வந்திருந்தால், மக்களுக்கு ஓட நேரம் இருந்திருக்கும்.

இந்த அமைப்பைக் கட்டி எழுப்பியவர்கள் யார்? வெறும் பொறியாளர்களா? வெறும் தூதர்களா? நில அதிர்வைக் காட்டும் அதே கருவி, ஒரு நாடு நிலத்தடியில் நடத்தும் அணுகுண்டு சோதனையையும் காட்டிவிடும். ஆகவே 'உங்கள் கருவி தரும் தகவலை உடனுக்குடன் எங்களுக்குக் கொடுங்கள்' என்று கேட்பது அறிவியல் கேள்வி மட்டும் அல்ல. நாட்டுப் பாதுகாப்புக் கேள்வியும் கூட. கருவி தெரிந்தவருக்கு அரசியல் தெரிய வேண்டும். அரசியல் பேசுபவருக்குக் கருவி புரிய வேண்டும். இரண்டும் தெரிந்தவர்கள் மேசையின் இருபுறமும் இருந்தால்தான் காரியம் நடக்கும்.

பொறியியல், கணினி, இயற்பியல் போன்ற படிப்புகளை முடித்துவிட்டு, 'அடுத்து என்ன?' என்று கேட்கும் நம் பிள்ளைகளுக்கு மென்பொருள் நிறுவனம், அரசுத் தேர்வு, வெளிநாட்டு மேற்படிப்பு என்ற மூன்று பாதைகளைத்தான் நாம் வழக்கமாகக் காட்டுகிறோம். தொழில்நுட்பமும் பன்னாட்டு உறவும் சந்திக்கும் இந்தப் பாதையைப் பற்றிப் பேசுவது குறைவு. அதைப் பற்றிச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு துறைகள் சந்திக்கும் மேசை

நாம் நாள்தோறும் பயன்படுத்தும் பல பொருள்களுக்குப் பின்னால் நாடுகளின் ஒப்பந்தம் ஒன்று மறைந்திருக்கிறது. கைப்பேசியை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த அலைவரிசையில் அது பேச வேண்டும் என்பதை ஒரு நாடு மட்டும் முடிவு செய்ய முடியாது. அலைகளுக்கு எல்லைக்கோடு தெரியாது. ஆகவே 1865இல் பாரீசில் தந்திக்காகத் தொடங்கப்பட்டு, இன்று ஜெனீவாவில் இயங்கும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் நாடுகள் கூடி அலைவரிசைகளைப் பங்கிடுகின்றன. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்கள் நிற்கும் இடங்களும் அங்கேதான் பதிவாகின்றன. மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் உலக வானொலித் தொடர்பு மாநாட்டில் வாரக்கணக்கில் பேச்சுவார்த்தை நடக்கும். 2023இல் அது துபாயில் நடந்தது. அங்கே அமர்பவர்கள் மின்காந்த அலையைப் பற்றியும் தெரிந்திருப்பார்கள். பக்கத்து நாட்டின் மனநிலையைப் பற்றியும் தெரிந்திருப்பார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நீங்கள் இப்போது வாசிக்கும் தமிழ் எழுத்து. ஒரு காலத்தில் ஒவ்வோர் இணையதளத்துக்கும் ஒவ்வோர் எழுத்துருவை இறக்கிக்கொண்டால்தான் தமிழை வாசிக்க முடிந்தது. இல்லையென்றால் திரை முழுவதும் புரியாத குறிகள். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத் தமிழ்நாடு, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எனப் பல நாட்டுத் தமிழ் வல்லுநர்கள் கூடி 2000ஆம் ஆண்டில் 'உத்தமம்' என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றத்தை உருவாக்கினார்கள். உலக மொழிகள் அனைத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு அமைப்பில் தமிழுக்கு 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே இடம் கிடைத்திருந்தது. ஆனாலும் எந்த எழுத்துக்கு எந்த இடம் என்பதில் விவாதங்கள் தொடர்ந்தன. 2010இல் கிரந்த எழுத்துகளுக்கு யூனிகோடில் இடம் கேட்கும் முன்மொழிவு வந்தபோது, தமிழுக்கே உரிய சில எழுத்துகளையும் அதில் சேர்ப்பது பற்றித் தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. மாநில அரசு மத்திய அரசுக்கு எழுதியது. கிரந்தம் 2014இல்தான் யூனிகோடில் இடம் பெற்றது. மொழி, கணினி, அரசு, பன்னாட்டு அமைப்பு ஆகிய நான்கும் ஒரே கோப்பில் வந்து சேர்ந்த நிகழ்ச்சி அது. அந்தக் கோப்பைப் புரிந்துகொண்டு இரு பக்கமும் விளக்கத் தெரிந்தவர்கள் அன்று எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால், இத்துறையின் தேவை நமக்குப் புரியும்.

2010, 2011ஆம் ஆண்டுகளில் .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா என்று இணைய முகவரியின் முடிவையே தமிழில் எழுத வழி பிறந்ததும் இப்படிப்பட்ட உழைப்பின் பயனே.

பேசத் தெரிந்த அறிவியலாளர்கள்

இந்தப் பாதையில் நடந்த சிலரைப் பார்ப்போம்.

1955 ஆகஸ்டில் அணுசக்தியை அமைதிக்குப் பயன்படுத்துவது பற்றி ஜெனீவாவில் ஐ.நா. நடத்திய முதல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நம் நாட்டு இயற்பியலாளர் ஹோமி பாபா. விடுதலை பெற்று எட்டே ஆண்டுகளான ஒரு நாட்டின் அறிவியலாளர் வல்லரசுகளை ஒரே அரங்கில் வைத்துக் கூட்டத்தை நடத்தினார். சென்னையில் பிறந்த இயற்பியலாளர் ஆர். சிதம்பரம் 1994-95இல் பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆளுநர் குழுத் தலைவராக இருந்தார்.

2015ஆம் ஆண்டின் கதை இன்னும் பாடம் நிறைந்தது. ஈரானின் அணுத் திட்டம் பற்றிய பேச்சுவார்த்தை தொழில்நுட்பக் கேள்விகளில் வந்து முட்டி நின்றது. எத்தனை சுழற்சி எந்திரங்கள் இருக்கலாம், எவ்வளவு யுரேனியம் வைத்துக்கொள்ளலாம் என்ற கேள்விகளுக்கு வெளியுறவு அமைச்சர்களால் மட்டும் விடை காண முடியவில்லை. அப்போது அமெரிக்காவின் எரிசக்தித் துறைச் செயலர் எர்னஸ்ட் மோனிசும், ஈரானின் அணுசக்தி அமைப்புத் தலைவர் அலி அக்பர் சாலேகியும் மேசைக்கு வந்தார்கள். மோனிஸ் எம்.ஐ.டி.யில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். சாலேகி அதே எம்.ஐ.டி.யில் 1977இல் அணுப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பகை நாடுகளின் இரு பிரதிநிதிகளுக்கும் சமன்பாடு என்ற பொதுமொழி ஒன்று இருந்தது. பேச்சு நடந்த நாள்களில் சாலேகிக்குப் பேரக்குழந்தை பிறந்திருந்தது. மோனிஸ் எம்.ஐ.டி. சின்னம் பொறித்த குழந்தைப் பொருள்களைப் பரிசாகக் கொடுத்தார் என்று செய்திகள் வந்தன. 2015 ஜூலை 14 அன்று வியன்னாவில் உடன்பாடு எட்டப்பட்டது.

மீதிக் கதையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2018 மே மாதம் அமெரிக்கா அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகியது. பிறகு அது குலைந்துபோனது. அறிவு திறக்கும் கதவை அரசியல் மூடிவிடவும் கூடும். இந்தத் துறைக்கு வருபவர்கள் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டிய உண்மை இது.

நம் காலத்து எடுத்துக்காட்டாக அமன்தீப் சிங் கில் அவர்களைச் சொல்லலாம். சண்டிகரில் உள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் மின்னணுப் பொறியியல் படித்தார். இந்திய அயலுறவுப் பணியில் சேர்ந்தார். பின்னர் லண்டன் கிங்ஸ் கல்லூரியில், பன்னாட்டு மன்றங்களில் நடக்கும் அணுசக்திப் பேச்சுகள் குறித்து முனைவர் பட்டம் பெற்றார். ஜெனீவாவில் இந்தியாவின் ஆயுதக் குறைப்புத் தூதராக இருந்தபோது, மனிதர் தலையீடு இன்றித் தானே இலக்கைத் தேர்ந்து தாக்கும் ஆயுதங்கள் பற்றிய பேச்சுகளுக்குத் தலைமை வகித்தார். 2022இல் ஐ.நா. பொதுச்செயலரின் தொழில்நுட்பத் தூதராக நியமிக்கப்பட்டார். முதலில் பொறியியல், அடுத்து பணி அனுபவம், அதன் பிறகு உயர்கல்வி என்ற வரிசையைக் கவனியுங்கள். எல்லாப் பட்டங்களையும் வாங்கிக்கொண்டுதான் தொடங்க வேண்டும் என்பதில்லை.

எங்கெல்லாம் பணி உண்டு?

முதலாவது, நம் நாட்டின் அயலுறவுப் பணி. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணித் தேர்வே அதன் வாசல். பொறியியல் பட்டதாரிகள் பலர் அதில் வெற்றி பெறுகிறார்கள். சேர்ந்த பிறகு ஒவ்வொருவரும் ஒரு வெளிநாட்டு மொழியைக் கட்டாயம் கற்க வேண்டும். 2020இல் வெளியுறவு அமைச்சகம் புதிய, வளர்ந்துவரும் தொழில்நுட்பங்களுக்கென்றே ஒரு தனிப் பிரிவைத் தொடங்கியது. டென்மார்க் 2017இலேயே தொழில்நுட்பத்துக்கென ஒரு தூதரை நியமித்தது. ஒரு நாட்டுக்கு அல்லாமல் ஒரு துறைக்குத் தூதர் என்பது அன்று புதுமையாகப் பேசப்பட்டது.

இரண்டாவது, பன்னாட்டு அமைப்புகள். வியன்னாவில் உள்ள பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் அணு உலைகளுக்குச் சென்று கணக்குச் சரியா என்று பார்க்கிறார்கள். திஹேக் நகரில் உள்ள வேதி ஆயுதத் தடை அமைப்புக்கு வேதியியலாளர்கள் தேவை. அந்த அமைப்பு 2013இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றது. யுனெஸ்கோ, உலக வானிலை அமைப்பு, உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு ஆகியவற்றிலும் அறிவியல் படித்தவர்களுக்கு இடம் உண்டு. ஐ.நா. செயலகத்தில் சேர 'இளம் வல்லுநர் திட்டம்' என்ற தேர்வு இருக்கிறது. தேர்வு நடக்கும் ஆண்டில் வயது 32க்கு மேற்படக் கூடாது. எந்த நாட்டினர் எழுதலாம் என்ற பட்டியல் ஆண்டுதோறும் மாறும். அதைப் பார்த்துவிட்டே விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, தரம் வகுக்கும் அமைப்புகள். இணையம் எப்படி இயங்க வேண்டும் என்ற தொழில்நுட்ப விதிகளை எழுதும் ஐ.இ.டி.எஃப். என்ற அமைப்பில் உறுப்பினர் கட்டணமே கிடையாது. அதன் மின்னஞ்சல் குழுக்களில் யார் வேண்டுமானாலும் சேர்ந்து கருத்துச் சொல்லலாம். இணைய முகவரிகளை ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பு புதியவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துத் தன் கூட்டங்களுக்கு அழைக்கிறது. ஐ.நா.வின் இணைய ஆளுகை மன்றம் 2006 முதல் கூடி வருகிறது. 2008இல் அது ஐதராபாத்திலேயே கூடியது.

நான்காவது, ஊரை விட்டுப் போகாமலேயே செய்யக்கூடிய பணிகள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின், ஐரோப்பியரின் விவரங்களைக் கையாளும் சென்னை நிறுவனங்களுக்கும் அந்தச் சட்டம் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். செயற்கை நுண்ணறிவு பற்றிய ஐரோப்பியச் சட்டம் 2024 ஆகஸ்டில் செயலுக்கு வந்தது. தரவுப் பாதுகாப்புக்கென இந்தியாவுக்கே 2023இல் தனிச் சட்டம் வந்துவிட்டது. இன்னொன்றையும் பாருங்கள். மிக நுட்பமான கடைசல் எந்திரங்கள் ஆலைக்கும் உதவும், ஆயுதத்துக்கும் உதவும். அப்படிப்பட்டவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப அரசின் தனி உரிமம் வேண்டும். இந்தியா 2016 முதல் 2018 வரை மூன்று பன்னாட்டு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அமைப்புகளில் சேர்ந்தது. அதன்பின் இந்த விதிகளின் முக்கியத்துவம் கூடியிருக்கிறது. கோவையிலோ ஓசூரிலோ எந்திரம் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கும் இவற்றை வாசித்துப் புரிந்துகொள்ளும் பொறியாளர் தேவை. ஜெனீவாவில் முடிவாகும் ஒரு வரி, நம் ஊர்ப் பட்டறையின் வாசலில் வந்து நிற்கிறது.

ஐந்தாவது, ஆய்வு நிறுவனங்கள், இதழியல், தன்னார்வ அமைப்புகள். சம்பளம் குறைவாக இருக்கலாம். ஆனால் எளிய மக்களின் குரலை அந்த மேசைக்குக் கொண்டுபோகும் வாய்ப்பு இங்கே அதிகம்.

என்ன படிப்பது?

இரண்டையும் அரைகுறையாகப் படித்தவர் இரு இடத்திலும் தடுமாறுவார். ஒன்றில் ஆழம், மற்றதில் தெளிவு என்பதே நல்ல அளவுகோல். முதல் பட்டம் தொழில்நுட்பத்தில் இருந்தால், முதுநிலையில் பன்னாட்டு உறவு, பொதுக் கொள்கை, சட்டம் ஆகியவற்றுள் ஒன்றை எடுக்கலாம். இதழியலோ அரசியலோ படித்தவர்கள் புள்ளியியலையும் கணினி வலையமைப்பின் அடிப்படைகளையும் கற்றுக்கொண்டு உள்ளே வரலாம். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பொதுச்செயலராக 2023இல் பொறுப்பேற்ற டோரீன் போக்டன்-மார்ட்டின் பொறியாளர் அல்லர்; பன்னாட்டுத் தொடர்புக் கொள்கையில் முதுகலை படித்தவர். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண்ணும் அவரே.

நம் நாட்டில் தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பன்னாட்டுக் கல்விப் புலம் பழைமையானது. பொதுக் கொள்கைக்குச் சட்டப் பல்கலைக்கழகங்களிலும் ஐ.ஐ.டி.க்கள் சிலவற்றிலும் படிப்புகள் உள்ளன. வெளிநாட்டில் ஜெனீவா உயர்கல்வி நிறுவனம் 1927இல் தொடங்கியது. அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃபிளெட்சர் பள்ளியும், எம்.ஐ.டி., கார்னகி மெலன் ஆகியவற்றின் தொழில்நுட்பக் கொள்கைத் துறைகளும் பெயர் பெற்றவை. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு இணைய ஆய்வு நிறுவனம் 2001இல் தொடங்கியது. வீட்டிலிருந்தே கற்க விரும்புவோருக்கு, மால்டாவும் சுவிட்சர்லாந்தும் சேர்ந்து 2002இல் நிறுவிய டிப்ளோ அறக்கட்டளை இணையவழிப் படிப்புகளை நடத்துகிறது.

மொழியையும் மறந்துவிடாதீர்கள். ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் ஆங்கிலத்தோடு இன்னொன்றும் தெரிந்திருப்பது பெரிய பலம். பிரெஞ்சு கற்கப் புதுச்சேரியிலும் சென்னையிலும் நல்ல வாய்ப்பு இருக்கிறது.

கடன் வாங்குமுன்

பெற்றோரே, இந்தப் பகுதியைப் பிள்ளைகளோடு அமர்ந்து வாசியுங்கள். நிலத்தை அடகு வைத்து, நகையை விற்று, கல்விக் கடன் வாங்கிப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. கணினிப் பொறியியல் முதுநிலைக்கு வாங்கிய கடனை அடைப்பதும், பன்னாட்டு உறவு முதுநிலைக்கு வாங்கிய கடனை அடைப்பதும் ஒன்றல்ல. இத்துறையின் முதல் வேலை கிடைக்க நாளாகும்; தொடக்கத்தில் பல வேலைகள் சில மாத ஒப்பந்தங்களே. ஐ.நா. செயலகத்தில் பயிற்சிப் பணிக்கு ஊதியம் கிடையாது. 2015இல் ஜெனீவாவில் ஊதியமில்லாப் பயிற்சியாளர் ஒருவர் ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கிய செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, அணுசக்தி முகமை போன்றவை பயிற்சியாளர்களுக்கு உதவித்தொகை தருகின்றன. எது தருகிறது, எது தருவதில்லை என்று விசாரித்த பிறகே பயணச்சீட்டு எடுங்கள்.

காலச் சூழலும் மாறியிருக்கிறது. 2025இல் நிதி நெருக்கடியால் ஐ.நா. அமைப்புகள் பணியிடங்களைக் குறைக்கத் தொடங்கின. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க அரசு புதிய எச்-1பி விசா விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தது. 'படித்தால் போதும், அங்கேயே வேலை' என்று உறுதி சொல்லும் முகவர்களை நம்ப வேண்டாம். ஐ.நா. அமைப்புகள் வேலைக்கு ஆள் எடுக்கும் எந்தக் கட்டத்திலும் பணம் கேட்பதில்லை. யாராவது கேட்டால் அது மோசடி என்று உடனே விலகிவிடுங்கள்.

கடன் இல்லாத வழிகளும் உண்டு. பிரிட்டன் அரசின் செவனிங், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ், ஜெர்மனியின் டாட், இந்திய-அமெரிக்க ஃபுல்பிரைட்-நேரு ஆகியவை நல்ல உதவித்தொகைகள். செவனிங் போன்றவை பணி அனுபவம் உள்ளவர்களையே எடுக்கின்றன. படிப்பு முடிந்ததும் நாடு திரும்ப வேண்டும் என்ற விதியும் உண்டு. அணுசக்தித் துறையில் முதுநிலை படிக்கும் பெண்களுக்கு, மேரி கியூரியின் பெயரில் அணுசக்தி முகமை 2020 முதல் உதவித்தொகை வழங்குகிறது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. விதிவிலக்குகள் சில உண்டு. ஆகவே பட்டம் முடிந்தவுடன் கடன் வாங்கி ஓடுவதைவிட, இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் இங்கே வேலை செய்து, துறையைப் புரிந்துகொண்டு, உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது பெரும்பாலோருக்கு ஏற்ற வழி.

இன்றே தொடங்கக்கூடியவை

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. நீங்கள் படித்த துறை தொடர்பாக உலகில் எந்தப் பேச்சுவார்த்தை நடக்கிறது என்று தேடிப் பாருங்கள். மின்னணுவியல் படித்தவருக்கு அலைவரிசை மாநாடு. கணினி படித்தவருக்கு இணைய ஆளுகையும் செயற்கை நுண்ணறிவும். வேதியியல் படித்தவருக்கு வேதி ஆயுத ஒப்பந்தம். கடலியல் படித்தவருக்கு எச்சரிக்கை அமைப்பு. அவற்றில் ஒன்றைத் தேர்ந்து, அதன் ஆவணங்களை மாதம் ஒன்றாக வாசியுங்கள். பெரும்பாலானவை இணையத்தில் இலவசம். கூட்டங்கள் பலவற்றை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

வாசித்ததை ஒரே பக்கத்தில், துறை தெரியாத ஒருவருக்குப் புரியும்படி எழுதிப் பழகுங்கள். உங்கள் அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ தமிழில் சொல்லிப் பாருங்கள். கடினமான ஒன்றை எளிதாகச் சொல்லத் தெரிவதே இத்துறையின் முதல் திறமை. ஓர் அமைச்சருக்கு விளக்கம் எழுதுவதும் இதே பயிற்சிதான். எழுதியவற்றைச் சேர்த்து வையுங்கள்; விண்ணப்பம் போடும் நாளில் மதிப்பெண் பட்டியலைவிட அவை அதிகம் பேசும்.

யாருக்காக?

இறுதியாக ஒரு கேள்வி. இந்த மேசைகளில் நாம் யாருக்காக அமர்கிறோம்? நிறுவனத்தின் லாபத்துக்காகப் பேசுவோர் அங்கே நிறைய இருக்கிறார்கள். தன் நாட்டின் வலிமைக்காகப் பேசுவோரும் இருக்கிறார்கள். மேசையில் இடமில்லாத மனிதருக்காகப் பேசுவோர் குறைவு.

திருப்பீடமும் இந்த உரையாடலில் பங்கேற்கிறது. வத்திக்கான் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் உறுப்பு நாடு. 2020 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவின் நன்னெறி பற்றிய உரோமை அழைப்பில், வாழ்வுக்கான திருப்பீடக் கழகத்தோடு மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம்., ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு, இத்தாலிய அரசு ஆகியவை கையெழுத்திட்டன. 2024 ஜூன் மாதம் இத்தாலியில் நடந்த ஜி7 மாநாட்டில் திருத்தந்தை பிரான்சிஸ் செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசினார். மனித உயிரைப் பறிக்கும் முடிவை எந்த எந்திரத்திடமும் விடக் கூடாது என்று வலியுறுத்தினார். எச்சமயத்தவரானாலும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. எந்திரம் செய்தவருக்கு அதன் வேகம் தெரியும். அடிபட்டவருக்கு அதன் வலி தெரியும். இருவர் மொழியும் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும்.

2004 டிசம்பர் காலையில் நம் கரைக்குத் தேவைப்பட்டது ஒரு கருவி, ஓர் உடன்பாடு, ஒரு தொலைபேசி அழைப்பு. அந்த அழைப்பு வருவதற்கான ஏற்பாட்டைப் பின்னால் செய்து முடித்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. ஆனால் இன்று கடலுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் அவர்களது உழைப்பு காவலாக இருக்கிறது. அடுத்து வரப்போகும் ஆபத்து அலையாகவும் இருக்கலாம். பொய்ச் செய்தியாகவும் இருக்கலாம். தானே குறிபார்க்கும் ஆயுதமாகவும் இருக்கலாம். அதற்கான உடன்பாட்டை எழுதும் அறையில் நம் வீட்டுப் பிள்ளை ஒருவரும் இருக்கட்டும்.

சிந்திக்கச் சில கேள்விகள்:

1. நான் படித்த துறையின் எந்த முடிவு, என் ஊர் மக்களைக் கேட்காமல் வேறொரு நாட்டில் எடுக்கப்படுகிறது?

2. என் பிள்ளையின் மேற்படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, சம்பளத்தோடு சேர்த்து வேறு எதைப் பற்றி நாங்கள் பேசினோம்?

3. எனக்குத் தெரிந்த கடினமான ஒன்றை, தெரியாத ஒருவருக்குப் பொறுமையாக விளக்கியது கடைசியாக எப்போது?